மாவு விழுந்த லில்லி

யாங்கியாபாத்
14 ஜனவரி 2001

சனோபர்,

நலம் விசாரித்து ஆரம்பிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். நீ நலமா, உன் அம்மா நலமா, வேலை நலமா என்று வரிசையாக நாலு வரி எழுதினேன். நாலையும் அடித்துவிட்டேன். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் நாம். திடீரென்று உன் உடம்பைப் பற்றிக் கேட்டால் நீயே சிரிப்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கணப்பு அடுப்பு வைத்த பூக்கொட்டகையில் லில்லிக்கு மாவு விழுந்திருக்கிறது. டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரத்து இருநூறு கிழங்கு வைத்தோம். முழங்கால் உயரம் வந்துவிட்டது. போன வாரம் வடக்கு ஓர வரிசையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி பார்த்தேன். அடுப்புச் சாம்பலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு நாலு வரிசைக்கு வந்திருக்கிறது.

மார்ச் எட்டு மாதர் தினத்துக்குப் பூ வெட்டியாக வேண்டும். மறுநாள் பூத்தால் ஆட்டுக்குக்கூடப் போட முடியாது. இது போனால் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் தோலிப் இப்போதே பரணில் பெட்டி தேடுகிறார். வாசற்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற மனிதர் அங்கே போய்ச் செங்கல் தூக்கப் போகிறாராம். நீ அந்த ஆய்வுக்கூடத்தில் இலையும் புழுவுமாகவே உட்கார்ந்திருக்கிறவள். என்ன செய்வது என்று எழுது.

தபாலாபீஸ் போனில் பேசியிருக்கலாம். உன் குரலைக் கேட்க இன்னும் மனசு வரவில்லை. டாக்சிக்கார எர்காஷ் வாரம் இரண்டு தடவை தாஷ்கண்ட் வருகிறார், அவரிடமே பதிலைக் கொடு. பிள்ளை பர்னோவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இப்போது பிள்ளைகளுக்கு லத்தீன் புது எழுத்துதான். நாம் படித்த பழைய ரஷ்ய எழுத்து அவள் கண்ணுக்குக் கோழி கிளறியது மாதிரி. எனக்கோ அவளுடைய புது எழுத்து ஒன்றும் புரிவதில்லை. அரசாங்கம் எனக்குச் செய்த உபகாரம் அது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்.

அக்டோபரில் அவள் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய எலுமிச்சைத் தொட்டியை நான் திருப்பி அனுப்பவில்லை. அதை ஞாபகம் வைத்துக்கொண்டு பதில் எழுது.

அன்சிரத்


தாஷ்கண்ட்
18 ஜனவரி 2001

அன்சிரத் அவர்களுக்கு,

மாவு விழுந்தது என்றால் அது மாவுப்பனி. இலைமேல் வெள்ளைப் பொடியாகப் படிகிற பூஞ்சை நோய். குளிருக்குக் கொட்டகையை இறுக மூடி, காற்றோட்டமில்லாமல் வைத்தால் வரும். நோய் கண்ட இலைகளைக் கிள்ளி வெளியே கொண்டுபோய் எரியுங்கள். இலையில் தண்ணீர் படாமல் வேரில் ஊற்றுங்கள். நடுப்பகலில் ஒரு மணி நேரமாவது மேல் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பொடிக் கந்தகத்தை மெல்லிய துணியில் கட்டிக் காலையில் செடிமேல் தட்டுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. இதுதான் வைத்தியம்.

இனி என் விஷயம். பர்னோ பிறந்த நாற்பதாம் நாள், நீங்களே உங்கள் கையால் அவளை என் மடியில் போட்டீர்கள். "இனிமே இவ உன் பிள்ளை. பத்து பேர் முன்னால சொல்றேன்" என்றீர்கள். எனக்குப் பிள்ளை இல்லை என்று வீடே கூடி எடுத்த முடிவு அது. ஏழு வருஷம் அவள் என்னைத்தான் அம்மா என்றாள். உங்களைப் பெரியம்மா என்றாள். என் கணவர் ஹோல்மத், மலைக் கணவாயில் வண்டி கவிழ்ந்து செத்த நாற்பதாம் நாள், அதே கையால் அவளைத் திருப்பி வாங்கிக்கொண்டீர்கள். உங்களுக்கு நாற்பது என்ற கணக்கு மட்டும் தப்பவே தப்பாது.

வைத்தியம் இலவசமில்லை. மார்ச் 21 நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறைக்குப் பர்னோ பத்து நாள் என்னிடம் வந்து இருக்க வேண்டும். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் நானே கொண்டுவந்து விடுகிறேன். வாசலோடு திரும்பிவிடுவேன், உங்கள் வீட்டுத் தேநீர் எனக்கு வேண்டாம்.

சனோபர்


யாங்கியாபாத்
31 ஜனவரி 2001

சனோபர்,

கணவாய் பனியில் அடைத்துக் கிடந்தது. உன் கடிதம் ஒன்பது நாள் எர்காஷின் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்து வந்தது. வந்த அன்றே கந்தகம் வாங்கினேன். நீ சொன்னபடி துணியில் கட்டித் தட்டினேன். இரண்டு நாள் கண் எரிந்து, இருமி இருமி விலா வலித்தது. அடுப்புப் பக்கம் இருந்த ஐம்பது அறுபது செடிக்கு இலை நுனி வெந்து பழுப்பாகிவிட்டது.

வெள்ளை போகவில்லை. ஒன்றுக்கு மூன்றாகப் பெருகியிருக்கிறது. இன்றைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். இலை மேலே இல்லை. இலை தண்டோடு சேருகிற இடுக்கில் பஞ்சைப் பிய்த்து அடைத்தது மாதிரி இருக்கிறது. இலைக்கு அடியில் நரம்போடு வரிசையாக இருக்கிறது. மொட்டு வருகிற நுனியிலும் இருக்கிறது. கை வைத்தால் பிசுபிசு என்று ஒட்டுகிறது. எறும்பு வேறு ஏறுகிறது. குளிர்காலத்தில் எறும்புக்கு என்ன வேலை? நீ படித்தவள், நீ சொல்.

"உன் தங்கச்சி வைத்தியம் எப்படி?" என்று அவர் கேட்கிறார். தெருப் பிள்ளைகளுக்குச் சிரங்கு வந்தால் தடவுகிற கந்தகத்தை லில்லிக்குத் தடவச் சொல்லியிருக்கிறாள் என்று சொன்னேன். அவர் மறுபடி பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார்.

நவ்ரூஸ் விஷயம். லில்லி பூத்தால் அனுப்புகிறேன். சொன்ன சொல் மாறமாட்டேன். அவரையும் நானே சம்மதிக்க வைக்கிறேன்.

ஆனால் நாற்பதாம் நாளைப் பற்றி இனி எழுதாதே. உன் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியுமா? பால் கட்டி, முட்டைக்கோஸ் இலையை மாரில் வைத்துக் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தேன். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவள் அழுவாள், இந்தப் பக்கம் என் சட்டை நனையும். பெரியவர்கள் சொன்னார்கள், கொடுத்தேன். கொடுத்ததற்கு யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழு வருஷம் என் பிள்ளை வாயால் பெரியம்மா பெரியம்மா என்று கேட்டவள் நான். உனக்கு இரண்டு வருஷம்தான் ஆகிறது.

அன்சிரத்


தாஷ்கண்ட்
5 பிப்ரவரி 2001

அன்சிரத் அவர்களுக்கு,

எர்காஷ் வண்டியைக் கிளப்பிக்கொண்டு நிற்கிறார். அவசரமாக எழுதுகிறேன்.

கந்தகத்தை நிறுத்துங்கள். ஒரு செடியில் அந்தப் பஞ்சை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். உலர்ந்த பொடியாக உதிர்ந்தால் நான் முன்பு சொன்னதுதான். ஈரமாக, இளஞ்சிவப்பாகச் சாறு வந்தால் வேறு. தொட்டி விளிம்பிலும் மரப்பெட்டிகளின் அடியிலும் பாருங்கள். எறும்பு எங்கிருந்து புறப்படுகிறது என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. அந்த எலுமிச்சைத் தொட்டி எங்கே இருக்கிறது?

சனோபர்


யாங்கியாபாத்
9 பிப்ரவரி 2001

சனோபர்,

இளஞ்சிவப்பு. நகம் நனைகிற அளவுக்கு வந்தது. கண்ணாடியில் பார்த்தால் அந்தப் பஞ்சுக்குள்ளே கால் முளைத்து ஒன்று அசைகிறது. இரண்டு வாரமாக நான் கந்தகம் போட்டுப் போட்டு வளர்த்தது நோயை இல்லை, இவற்றை.

எறும்பின் பின்னால் போகச் சொன்னாய். போனேன். வடக்கு மூலையில் போய் நின்றது. அங்கேதான் எலுமிச்சை இருக்கிறது. வேறு எங்கே இருக்கும்? வீட்டுக்குள் குளிர், கேஸ் காலையில் ஒரு மணி நேரம் வருகிறது, மாலையில் வருவதே இல்லை. "மரம் செத்துடும் பெரியம்மா, கொட்டகையில வச்சுக்கறேன்" என்று பர்னோ நவம்பரிலேயே தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டாள். தன் பழைய கம்பளிச் சால்வையைத் தொட்டிக்குச் சுற்றியிருக்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் முதலில் அதனிடம்தான் போவாள். முந்தாநாள் பதினொன்றாவது இலை வந்திருக்கிறதாம், எனக்கு வந்து சொன்னாள். சால்வையைப் பிரித்துப் பார்த்தேன். தண்டெல்லாம் வெள்ளை.

ஏன் எலுமிச்சையைக் கேட்டாய், சனோபர்? நான் எழுதிய இரண்டு கடிதத்தையும் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். எங்கே வைத்திருக்கிறோம் என்று எதிலும் எழுதவில்லை.

பர்னோ என் பக்கத்தில் உட்கார்ந்து கந்தகப் பையில் இருக்கிற பழைய எழுத்தைக் காட்டி, இது என்ன, அது என்ன என்று பிடுங்குகிறாள். அவளை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுத்தான் இதை எழுதி முடிக்கிறேன்.

அன்சிரத்


தாஷ்கண்ட்
12 பிப்ரவரி 2001

அக்கா,

அவர்களுக்கு, இவர்களுக்கு என்றெல்லாம் எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

முதலில் வைத்தியம். இது மாவுப்பூச்சி. தன் உடம்பைச் சுற்றித் தானே மெழுகும் பஞ்சும் கட்டிக்கொள்ளும். பஜாரில் விற்கிற மருந்தை நேரே அடித்தால் அந்த மெழுகின்மேல் உருண்டு ஓடிவிடும். அதனால் முதலில் கைவேலை. குச்சியில் பஞ்சு சுற்றி, சாராயத்தில் தோய்த்து, ஒவ்வொரு இடுக்காகத் துடைக்க வேண்டும். ஓட்கா போதும். பிறகு துணி துவைக்கிற பழுப்பு சோப்பைத் துருவி வெந்நீரில் கரைத்து, வாளிக்கு ஒரு கிண்ணம் ஓட்கா சேர்த்து, ஆறவைத்து, இலைக்கு அடியில் படும்படி தெளியுங்கள். ஏழு நாளுக்கு ஒரு முறை, குறைந்தது மூன்று முறை. பெரியவை செத்தாலும் முட்டை பஞ்சுக்குள் பிழைத்திருக்கும், அது பொரிக்கும்போது மறுபடி பிடிக்க வேண்டும். மொட்டிலேயே அடைந்துவிட்ட செடியைப் பாவம் பார்க்காமல் பிடுங்கி எரியுங்கள். எறும்புப் புற்றில் கொதிநீர் ஊற்றுங்கள், பூச்சியைச் செடிக்குச் செடி தூக்கிக்கொண்டு போவதே அதுதான். எலுமிச்சையையும் எரிக்க வேண்டும். அதுதான் ஊற்று.

இனி நீங்கள் கேட்டது. நம் ஊரில் பனிக்கும் மாவு என்பார்கள், பூச்சிக்கும் மாவு என்பார்கள். பத்து வருஷம் அங்கே குடித்தனம் செய்தவள் நான், எனக்கு அது தெரியும். முதல் கடிதத்திலேயே எந்த மாவு என்று கேட்டிருக்க வேண்டும். இங்கே புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணுக்குக்கூட அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன். நான் கேட்கவில்லை.

அந்த எலுமிச்சை எங்கள் ஆய்வுக்கூடத்துக் கொட்டகையில் இருந்து எடுத்தது. எடுக்கும்போதே இரண்டு இலை இடுக்கில் வெள்ளை பார்த்தேன். ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். பிறந்தநாள் நாலு நாளில் வந்துவிட்டது. சாராயத்தில் துடைத்தேன். போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எர்காஷ் வண்டியில் ஏற்றிவிட்டேன். நீங்கள் மாவு என்று எழுதியதும் முதலில் கண் முன்னால் வந்தது அந்த மரம்தான். அதைத் தள்ளிவிட்டுப் பனி என்று எழுதினேன். பனி என்றால் தப்பு உங்கள் ஜன்னல்மேல், பூச்சி என்றால் தப்பு என்மேல். அவ்வளவுதான் காரணம். கேவலமான காரணம்.

பர்னோவிடம் சொல்லாதீர்கள். உங்களிடம் நான் கேட்கிற ஒரே உதவி இது. அவளுக்கு ஒரு சீட்டு உள்ளே வைத்திருக்கிறேன், கொடுத்துவிடுங்கள்.

சனோபர்

(உள்ளே மடித்து வைத்த சீட்டு, புது எழுத்தில்)

என் பர்னோ,

உன் எலுமிச்சைக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன். அழாதே. தப்பு உன்மேலும் இல்லை, மரத்தின்மேலும் இல்லை. நான் அனுப்பும்போது அது சுத்தமாக இருந்தது, ஒவ்வொரு இலையாக நானே பார்த்தேன். வெளிநாட்டு லில்லிக் கிழங்கில்தான் அந்தப் பூச்சி வந்திருக்கிறது, அதுதான் உன் மரத்துக்கும் ஏறிவிட்டது. பெரியம்மா மரத்தை எரிக்கச் சொன்னால் எரிக்க விடு. நவ்ரூசுக்கு நீ இங்கே வருகிறாய், நாம் இரண்டு பேரும் போய் இதைவிடப் பெரிய மரம் வாங்குவோம். இந்தச் சீட்டு நம் இருவருக்குள் இருக்கட்டும்.

உன் அம்மா


யாங்கியாபாத்
20 பிப்ரவரி 2001

சனோபர்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அதைக் கொட்டகை அடுப்பில் போடத்தான் எடுத்துக்கொண்டு போனேன். வாளிக்கு எவ்வளவு ஓட்கா என்று அதில்தானே இருக்கிறது என்று திரும்பக் கொண்டுவந்து, பெட்டிமேல் அடுக்கியிருக்கிற மெத்தைகளுக்குள் மற்றதோடு வைத்தேன். என்மேல் உனக்குக் கோபம் இருக்கட்டும். எனக்கு இருப்பது அதற்குமேல் என்று தெரிந்துகொள். இரண்டு வாரம், சனோபர்! ஜன்னலைத் திற, கந்தகம் தட்டு என்று நீ சொன்னதையெல்லாம் நான் நம்பினேன். உன்னைப் பிடிக்காது, ஆனால் உன் படிப்பை நம்பினேன்.

ஆறு பாட்டில் ஓட்கா வாங்கினேன். கடைக்காரர் என் முக்காட்டையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்து, "என்னம்மா, வீட்ல ஏதும் விசேஷமா?" என்றார். "ஆமாங்க, பூச்சிக்கு விருந்து" என்றேன். மறுநாளே தோலிப் வீட்டில் பெரிய குடி என்று தெருவெல்லாம் பேச்சு. அவர் கேள்விப்பட்டு வந்து என்மேல் குதித்தார். குச்சியும் பஞ்சும் கையில் கொடுத்து வரிசையைக் காட்டினேன். உட்கார்ந்து துடைத்தார். நாலு நாளாக விடிந்ததில் இருந்து பொழுது சாயும்வரை இருவரும் துடைக்கிறோம். சாராய வாடையில் அவருக்குத் தலை சுற்றுகிறது, வாழ்க்கையில் முதல் போதை இப்படியா வரணும் என்கிறார்.

நானூறு செடி பிடுங்கி எரித்தாயிற்று. மொட்டோடு எரித்தேன். மிச்சத்தில் வெள்ளை குறைந்திருக்கிறது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சீட்டைப் பர்னோவிடம் கொடுத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "மரத்துக்கு எப்போ தண்ணி ஊத்தணும்னு எழுதியிருக்காங்க" என்றாள். எரிக்கப் போகிற மரத்துக்குத் தண்ணீரா என்று நினைத்துக்கொண்டேன், அவளிடம் கேட்கவில்லை. எலுமிச்சையைச் சாக்கில் சுற்றி வெளியே விறகுக் கொட்டிலில் வைத்திருக்கிறேன். எரிக்கத்தான் போனேன். அவள் சாக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா கொடுத்தது" என்று நின்றாள். இரண்டு வருஷமாக இந்த வீட்டில் என்னை அம்மா என்று கூப்பிடச் சொல்லியும் கூப்பிடாத பிள்ளை அது. அந்த அம்மா உன்னைத்தான் சொல்கிறாள். பூச்சி யாருடையது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஏன் என்று எனக்கே புரியவில்லை.

அன்சிரத்


தாஷ்கண்ட்
27 பிப்ரவரி 2001

அக்கா,

சொல்லாமல் விட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாளாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது தெளிப்பை விட்டுவிடாதீர்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் தெளியுங்கள். மொட்டு நிறம் மாறிய பிறகு மொட்டின்மேல் சோப்புத் தண்ணீர் படக்கூடாது, கறை விழும். வெட்டும்போது கீழ் மொட்டு ஒன்று வெளுத்தால் போதும், முழுதும் விரியக் காத்திருக்க வேண்டாம். சாக்கில் இருக்கிற மரம் இந்நேரம் குளிரில் பட்டுப்போயிருக்கும். முட்டை சாகாது. எப்படியாவது எரித்துவிடுங்கள்.

பர்னோவுக்கு ஜன்னலோரக் கட்டிலை ஒழித்துவிட்டேன். என் அம்மா அவளுக்காக இரண்டு பை உலர்ந்த சர்க்கரைப் பாதாமிப் பழம் ஒளித்து வைத்திருக்கிறாள். அவள் கால் இப்போது என்ன அளவு? நான் இருக்கும்போது முப்பது. மூன்று அளவு கூட்டி முப்பத்துமூன்றில் ஒரு ஜோடி செருப்பு வாங்கியிருக்கிறேன். சின்னதாக இருந்தால் மாற்றித் தருவதாகக் கடையில் சொன்னார்கள். ராத்திரி போர்வையை உதைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறதா? முட்டையில் மஞ்சள் கருவை மட்டும் தின்று வெள்ளையை என் தட்டில் போடுவாள், இப்போது யார் தட்டில் போடுகிறாள்? இதையெல்லாம் உங்களிடம் கேட்க வேண்டியிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

வாசலோடு திரும்பிவிடுவேன் என்று எழுதியிருந்தேன். நீங்கள் தேநீர் கொடுத்தால் குடிப்பேன்.

சனோபர்


யாங்கியாபாத்
11 மார்ச் 2001

சனோபர்,

லில்லி பூத்தது. அறுநூற்றுப் பதினாலு தண்டு வெட்டினோம். ஏழாம் தேதி நமங்கான் பஜாரில் மத்தியானத்துக்குள் எல்லாம் போய்விட்டது. பெட்டி மறுபடி பரணுக்கு ஏறிவிட்டது. உன் வைத்தியத்தில் பாதி பிழைத்தது, உன் வைத்தியத்தில்தான் பாதி செத்தது. அந்தக் கணக்கை இத்தோடு விடுகிறேன்.

எட்டாம் தேதி காலை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் காலி மரப்பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பர்னோ வந்து நின்றாள். ஒரு கையில் உன் கடிதங்கள், மெத்தைகளுக்குள் இருந்து எடுத்திருக்கிறாள். இன்னொரு கையில் உன் சீட்டு.

"பெரியம்மா, இதுல ஒண்ணு இருக்கு, இதுல ஒண்ணு இருக்கு. எது நிஜம்?"

"உனக்கு எப்படிடீ பழைய எழுத்து தெரியும்?"

"கடைப் பலகையில ரெண்டு எழுத்துலயும் எழுதியிருக்கே. ஜனவரிலேருந்து அத வச்சுத்தான் கத்துக்கிட்டேன். கந்தகப் பையிலயும் பார்த்தேன்."

"எதுக்கு?"

"அம்மா லெட்டர் வர்றது எனக்குத் தெரியும். எர்காஷ் மாமா சொல்லிட்டார்."

சீட்டைப் படித்துக் காட்டச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். அப்போதுதான் நீ அவளுக்கு என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குத் தெரிந்தது. தனக்கும் உனக்கும் இடையில் உள்ள ரகசியம் என்று மூன்று வாரம் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருக்கிறாள். பிறகு உன் கடிதத்தைப் படித்தாள். "இரண்டு இலை இடுக்கில் வெள்ளை பார்த்தேன்" என்கிற இடத்தில் எழுத்துக்கூட்ட முடியாமல் நின்றாள். நான் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்திருக்கக்கூடாது என்று பிறகுதான் தோன்றியது.

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், உனக்காக. அவள் கண்ணைப் பார்த்தேன். "லெட்டர்ல இருக்கிறதுதான் நிஜம்" என்றேன். விறுவிறுவென்று வெளியே போனாள். விறகுக் கொட்டிலில் இருந்து சாக்கைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். கொட்டகை அடுப்பைத் திறந்து, கிளையை ஒவ்வொன்றாக ஒடித்து உள்ளே போட்டாள். சால்வையையும் போட்டாள். நான் உதவிக்குப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

எர்காஷிடம் நவ்ரூசுக்கு இடம் சொல்லிவிட்டேன். கொடுத்த வாக்கு அப்படியேதான் இருக்கிறது. துணிமணி எடுத்து வை என்று சொன்னேன். வரமாட்டாளாம். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், இதை நீ நம்ப வேண்டும். கால் அளவு முப்பத்துநாலு.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நேற்று அவள் சாப்பிடும்போது முட்டை வெள்ளையை யார் தட்டிலும் போடவில்லை, ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து போனாள். தைரியம் வந்து, "இனிமேலாவது என்னை அம்மான்னு கூப்பிடேன்" என்றேன். "நீங்க பெரியம்மாதானே" என்றாள். இப்போது அவளுக்கு ஒரு பெரியம்மா இருக்கிறாள், ஒரு சித்தி இருக்கிறாள். அம்மா என்று கூப்பிடத்தான் ஆள் இல்லை.

அவள் எழுதின சீட்டை உள்ளே வைத்திருக்கிறேன். உனக்காகப் பழைய எழுத்தில் எழுதியிருக்கிறாள். நான் திருத்தவில்லை. முதல் வார்த்தையைப் பார்த்ததும் மடித்துவிடாதே, முழுதும் படி.

அன்சிரத்

(உள்ளே, கோடு போட்ட நோட்டுத் தாளில்)

சித்திக்கு,

மரத்தை நானே எரிச்சிட்டேன். பூச்சி எல்லாம் செத்துப்போச்சு. நவ்ரூசுக்கு நான் வரலை. செருப்பை வேற யாருக்காவது கொடுத்துடுங்க. எழுத்துல தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க. உங்க லெட்டரைப் படிக்கணும்னுதான் இந்த எழுத்தைக் கத்துக்கிட்டேன்.

பர்னோ